நாங்கள் வாங்கிய கேம் எங்களிடமே இருக்கட்டும்: வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனங்களின் தலைவர்களுக்கும், அவர்கள் சார்பில் பேசும் தொழில் சங்கங்களுக்கும்,

தனியாக உட்கார்ந்து ஆடும் ஒரு கேம் திறப்பதற்கு உங்கள் சர்வரின் அனுமதி எதற்கு? அந்த சர்வரை நீங்கள் அணைத்த மறுநாள் அது ஏன் எங்கள் கையில் செத்துக் கிடக்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இன்றுவரை உங்களிடமிருந்து நேரான பதில் வரவில்லை.

2025 ஜூலையில், 'ஸ்டாப் டெஸ்ட்ராயிங் வீடியோகேம்ஸ்' என்ற ஐரோப்பியக் குடிமக்கள் முன்னெடுப்பு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திடம் மக்கள் வைக்கும் கோரிக்கை மனு, 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. உடனே உங்கள் ஐரோப்பியச் சங்கமான வீடியோ கேம்ஸ் யூரோப் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆன்லைன் சேவையை நிறுத்துவது நிறுவனங்களின் முடிவு, ஆடுவோரே நடத்தும் தனியார் சர்வர்கள் எல்லா நேரமும் சாத்தியமில்லை, பல கேம்கள் அடியிலிருந்தே ஆன்லைனுக்காகக் கட்டப்பட்டவை, கேட்டதைச் செய்தால் செலவு தாங்காது என்பது அதன் சாரம். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்னெடுப்பு கேட்டது ஒன்று, அறிக்கை பதில் சொன்னது வேறொன்றுக்கு. சர்வர்களைக் காலகாலத்துக்கும் ஓட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போங்கள் என்றுதான் கேட்டோம். அதற்கான பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிறு வயதிலிருந்து கேம் ஆடும் ஆள். கேம் துறையில் வேலை செய்யவில்லை, ஆனால் சர்வர் பக்க நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் எது கடினம், எது கடினம் என்று சொல்லப்படுகிறது என்ற வித்தியாசம் ஓரளவு தெரியும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை நிற்காமல் ஓட்டிச் செல்லலாம் என்று செய்திருந்தார்கள். தனியாக ஆடக்கூடிய கதைப் பகுதியும் இருந்தது. ஆனால் சர்வர் இல்லாமல் எதுவும் திறக்காது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வர்களை மூடினார்கள். அதோடு விடவில்லை. அடுத்த சில வாரங்களில், வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்தே உரிமத்தை எடுத்துவிட்டார்கள். ஓடாத கேமைக்கூட வைத்துக்கொள்ள விடவில்லை. அந்த ஏப்ரலில்தான் யூடியூபர் ராஸ் ஸ்காட் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். மேலே சொன்ன ஐரோப்பிய முன்னெடுப்பு அதன் ஒரு பகுதிதான். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 2025 நவம்பரில் நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்தது.

அப்புறம் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2025-ல் ரசிகர்கள் சிலர் தாங்களாகவே 'தி க்ரூ'வுக்கு ஒரு மாற்று சர்வரை எழுதி, அதை மறுபடி ஓட வைத்தார்கள். அதே ஆண்டில் யூபிசாஃப்ட் நிறுவனமே 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது. முதல் கேமை ஆடுவோர் கேட்டபோது இல்லாத வழி, எதிர்ப்பு வலுத்தபின் இரண்டாவது கேமுக்குக் கிடைத்துவிட்டது. ஆக, இது முடியாத காரியமாக இருந்ததே இல்லை.

இந்தக் கட்டாய ஆன்லைன் எப்படி வந்தது என்பதும் நினைவிருக்கிறது. 2010-ல் 'அசாசின்ஸ் க்ரீட் 2' கணினிப் பதிப்பு வந்தபோது, இணைய இணைப்பு ஆடும் நேரம் முழுக்க அறுபடாமல் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான் இது என்றார்கள். வெளியான அந்த மார்ச் மாதமே சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. காசு கொடுத்து வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள். 2012-ல் 'டயாப்ளோ 3' வந்த முதல் நாள் 'எரர் 37' என்ற ஒரு வரியைத் தவிர வேறெதையும் பலர் பார்க்கவில்லை. அதே கேம் மறு ஆண்டு கன்சோல்களுக்கு வந்தபோது ஆஃப்லைனிலேயே ஓடியது. 2013 மார்ச்சில் நகரம் கட்டும் கேமான 'சிம்சிட்டி'. நகரத்தின் கணக்குகளில் பெரும்பங்கு சர்வரில்தான் நடக்கின்றன, அதனால் ஆஃப்லைன் என்பது சாத்தியமே இல்லை என்று சொன்னார்கள். தொடங்கிய சில நாட்களிலேயே ஆர்வலர் ஒருவர் இணைப்பில்லாமல் அதை ஓட்டிக் காட்டினார். ஓராண்டு கழித்து நிறுவனமே ஆஃப்லைன் வசதியைத் தந்தது. 'கிரான் டூரிஸ்மோ 7'-ல் 2022 மார்ச்சில் சர்வர் பராமரிப்பு 30 மணி நேரத்துக்கு மேல் நீண்டது. ஒற்றை ஆளாகப் பந்தயம் ஓட்ட நினைத்தவர்களுக்கும் பெரும்பகுதி கேம் பூட்டப்பட்டே இருந்தது.

இவையெல்லாம் தற்காலிகத் தொல்லைகள். சர்வர் சரியானதும் கேமும் திரும்பியது. நான் பேச வந்தது திரும்பாதவற்றைப் பற்றி. 2011-ல் வந்த 'டார்க்ஸ்போர்' தனியாகவும் ஆடக்கூடியது. 2016-ல் சர்வர் மூடப்பட்டதும் அதைத் தனியாகவும் ஆட முடியாமல் போனது. 2022 மார்ச்சில் வந்த 'பேபிலான்ஸ் ஃபால்' ஓராண்டைக்கூட நிறைவு செய்யவில்லை, 2023 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த 'கான்கார்ட்' செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. கான்கார்ட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது நியாயமான செயல். ஆனால் அந்த கேமில் பாத்திரங்களை வரைந்தவர்கள், இசை அமைத்தவர்கள், ஒவ்வொரு அரங்கையும் தூணும் படியுமாகக் கட்டியவர்கள் இன்று தங்கள் உழைப்பை யாரிடமும் திறந்து காட்ட முடியாது. பிறர் எடுத்து வைத்த வீடியோ துண்டுகளைத்தான் காட்ட வேண்டும். பணம் திரும்பியதால் அந்த வேலை திரும்பிவிடவில்லை. கேம்களை அழியாமல் காப்பது என்றால் ஆடுவோரின் பிடிவாதம் என்று நீங்கள் எண்ணுவதாகத் தோன்றுகிறது. உங்களிடம் சம்பளம் வாங்கும் கலைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இனி என் கதை. எந்த நிறுவனம், எந்த கேம் என்று சொல்லப் போவதில்லை. எனக்கு அவர்கள்மேல் வழக்கு எதுவும் இல்லை. அவர்கள் செய்ததைத்தான் உங்களில் பலரும் செய்கிறீர்கள், அதனால் இது உங்கள் எல்லோருக்குமான சாட்சியம்.

முறைவைத்து ஆடும் ஒரு போர் உத்தி கேம். தனியாள் கேம். எதிரே ஆடுவது எப்போதும் கணினிதான். அதில் ஒரு படைப்பிரிவை உருவாக்கி, வீரர்களுக்கு நாமே பெயர் வைத்து, மிஷன் மிஷனாக வளர்க்க வேண்டும். செத்த வீரன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். நானும் என் தங்கையும் ஒரே கணக்கில் அதை ஆடினோம். ஒரு மிஷன் அவள், அடுத்தது நான். வீரர்களுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்களை வைத்தோம். பெரியப்பா குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர். சின்ன அத்தை காயம்பட்டவர்களைத் தூக்கிவருவார். படிப்புக்காக அவள் வேறு ஊருக்குப் போனபிறகும் அது நிற்கவில்லை. அவள் இரவில் ஆடி வைப்பாள், காலையில் நான் திறந்து பார்த்து, யாரைப் பறிகொடுத்தாள் என்று போன் செய்து சண்டை போடுவேன். சேவ், அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு, முழுவதும் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. எங்கள் இயந்திரத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வழியே கொடுக்கவில்லை.

ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. இந்தப் பயணத்தில் உடன் வந்ததற்கு நன்றி, குறிப்பிட்ட தேதியோடு சேவை நிறைவடைகிறது என்று சில வரிகள். எங்கள் சேவ் கோப்பையாவது தரவிறக்கிக் கொள்ளலாமா என்று கேட்டு எழுதினேன். வருந்துகிறோம் என்று ஒரு வார்ப்புப் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். வேறொரு கேமுக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். நான் கேட்டது தள்ளுபடி இல்லை. என் தங்கையும் நானும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தின் பதிவை. அது சில கிலோபைட் அளவே உள்ள கோப்பாக இருந்திருக்கும்.

சேவை நின்றபின் அந்த கேமைத் திறந்தால் முகப்பு இசை ஒலிக்கும். பின்னணிப் படம் அசையும். பிறகு 'சர்வருடன் இணைய முடியவில்லை, சற்று நேரம் கழித்து முயலவும்' என்று ஒரு செய்தி. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறது.

மூடுவதற்கு முன்பு, ரசிகர்களில் ஒரு சிறு குழு அந்த கேமுக்கும் சர்வருக்கும் இடையே போய்வரும் தரவைப் பதிவுசெய்யத் தொடங்கியது. வேலை தெரிந்தவன் என்பதால் நானும் சேர்ந்தேன். பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. அந்த சர்வர் செய்தது இவ்வளவுதான்: லாகினைச் சரிபார்த்தது, இன்றைய தேதியைச் சொன்னது, தினப் பரிசைக் கணக்கிட்டது, உள்ளே இருந்த கடையின் பட்டியலை அனுப்பியது, சேவ் கோப்பை வாங்கி வைத்துக் கேட்டபோது திருப்பித் தந்தது. குண்டு பாய்வது, எதிரி யோசிப்பது, வீரன் விழுவது எல்லாம் எங்கள் இயந்திரத்திலேயே நடந்துகொண்டிருந்தன. சேவை மூடியபின், குழுவிலிருந்த இளைஞர்கள் இந்தச் சில வேலைகளை மட்டும் செய்யும் சிறு நிரலை எழுதினார்கள். கேம் திறந்தது. முதல் மிஷனிலிருந்து கடைசிவரை ஓடியது. எங்கள் பழைய படைப்பிரிவு மட்டும் இல்லை, அது நிறுவனத்தின் வட்டுகளோடு போய்விட்டது. கொஞ்ச நாளில் நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து அந்த இளைஞர்களுக்குக் கடிதம் வந்தது. அவர்களில் சிலர் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். விற்பனையில் இல்லாத, சேவையில் இல்லாத, ஒரு காசு வருமானம் தராத கேம் அது. அதை யாரிடமிருந்து எதற்காகக் காப்பாற்றினார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

பூட்டு செய்து கொடுத்தவர் கடையை மூடிவிட்டார் என்பதற்காக வீட்டுக் கதவு திறக்காமல் போவதில்லை. உங்கள் கேம்களில் மட்டும் அப்படி நடக்கிறது, அது நீங்கள் வடிவமைத்ததால் நடக்கிறது.

இப்போது கேம்களை அழியாமல் பாதுகாப்பதைப் பற்றி. பழைய கார்ட்ரிட்ஜோ டிஸ்கோ கிடைத்தால் அருங்காட்சியகம் அதைப் பிட் பிட்டாகப் படியெடுத்து வைக்கலாம். இயந்திரம் பழுதானால், அதைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற நிரலை எழுதி ஓட்டலாம். கட்டாய ஆன்லைன் கேமில் எங்களுக்குக் கிடைப்பது பாதி கேம். மறுபாதி, அதாவது சர்வர் மென்பொருள், உங்கள் கட்டடத்தைவிட்டு வெளியே வந்ததே இல்லை. வெளியே வராததை யாரும் படியெடுக்க முடியாது. போய்வரும் தரவைப் பதிவுசெய்து மீட்கலாம் என்றாலும், யாராவது ஆடி, யாராவது பதிவுசெய்த பகுதி மட்டும்தான் அதில் இருக்கும். அந்தச் சில வாரங்களில் யாரும் நுழையாத அறையும், யாரும் முடிக்காத மிஷனும் நிரந்தரமாகக் காலி. இதில் அப்டேட்டுகள் வேறு. புதியது வரும்போதெல்லாம் பழைய பதிப்பை மேலெழுதிவிடுகிறது. வெளியான நாளில் அந்த கேம் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்ட ஆள் இல்லை.

இந்த ஆபத்துக்கு முன்னுதாரணம் உண்டு. 1995 முதல் 2000 வரை ஜப்பானில் நிண்டெண்டோவின் சாட்டிலைட்வியூ சேவை கேம்களைச் செயற்கைக்கோள் வழியாக ஒலிபரப்பியது. இன்று நமக்குத் தெரிந்த அளவுக்கு அவை மிஞ்சியது, ஆடியவர்கள் தங்கள் நினைவட்டைகளை அழிக்காமல் வைத்திருந்ததாலும், பின்னாளில் ஆர்வலர்கள் அவற்றைத் தேடிப் பிடித்துப் படியெடுத்ததாலும்தான். அழிந்தவை அழிந்தவைதான். சினிமா இதைவிடப் பெரிய பாடம் படித்திருக்கிறது. அமெரிக்க மௌனப் படங்களைப் பற்றி அந்நாட்டின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, முழுநீளப் படங்களில் சுமார் 14 சதவீதம்தான் வெளியான அதே வடிவத்தில் எஞ்சியிருக்கின்றன என்று சொன்னது. அன்றைய ஸ்டுடியோக்கள் ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை என்று நினைத்தார்கள். ஃபிலிமில் இருந்த வெள்ளி உலோகத்தை எடுக்க அதை உருக்கினார்கள். அவர்களுக்காவது இது அழியும் என்ற அனுபவம் முன்பு இல்லை. உங்களுக்கு அவர்களின் அனுபவம் கண்முன் இருக்கிறது.

ஏற்கெனவே நிலைமை மோசம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் சாஃப்ட்வேர் பிரிசர்வேஷன் நெட்வொர்க்கும் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று கண்டார்கள். அவை பெரும்பாலும் சர்வர் தேவைப்படாத காலத்து கேம்கள். கடையில் இல்லாவிட்டாலும் யாரோ ஒருவரின் அலமாரியில் இருக்கும், எடுத்து ஓட்டலாம். நீங்கள் இப்போது வெளியிடுபவற்றுக்கு அந்த அலமாரியும் உதவாது. இந்தத் தலைமுறை கேம்களைப் பற்றி ஆராய வருபவருக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

நூலகங்கள் உதவ முன்வந்தபோதும் குறுக்கே நின்றது நீங்கள்தான். அமெரிக்கப் பதிப்புரிமை விதிகளில் 2015-ல் ஒரு விலக்கு கிடைத்தது: அங்கீகார சர்வர் மூடப்பட்ட கேமின் பூட்டை, அதை வைத்திருப்பவர் தனக்காகத் திறந்துகொள்ளலாம். 2018-ல் அது விரிந்து, சர்வர் நிரலின் பிரதி முறைப்படி கையில் இருந்தால் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அத்தகைய கேம்களையும் பாதுகாக்கலாம் என்றானது. முறைப்படி பிரதியை யார் கொடுக்க வேண்டும்? நீங்கள்தான். கொடுப்பதில்லை. விற்பனையில் இல்லாத பழைய கேம்களை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமலே பார்க்க அனுமதி கேட்டபோது உங்கள் அமெரிக்கச் சங்கம் எதிர்த்து வாதாடியது. 2024 அக்டோபரில் அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

மாறாக, திறந்து விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1993-ல் வந்த 'டூம்' கேமின் மூல நிரல் 1997-ல் வெளியிடப்பட்டது. அதனால் இன்றும் புதுப்புது இயந்திரங்களில் ஓடுகிறது, இன்றும் புது அரங்குகள் கட்டுகிறார்கள், அந்தப் பெயரில் புதிய பாகங்களும் நன்றாகவே விற்கின்றன. 1996-ல் வந்த 'குவேக்' பலர் சேர்ந்து ஆடும் கேம்தான், ஆனால் சர்வர் நிரல் ஆடுவோர் கையிலேயே இருந்தது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2014-ல், பல நிறுவனங்களின் கேம்களுக்கு ஆன்லைன் இணைப்பைக் கொடுத்துவந்த கேம்ஸ்பை சேவை மூடப்பட்டபோது நூற்றுக்கணக்கான கேம்களின் ஆன்லைன் பகுதி ஆட்டம் கண்டது. சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தவை பிழைத்தன. எல்லாவற்றையும் நிறுவனத்தின் பக்கமே வைத்தவை தவித்தன. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டின் பழைய வடிவத்தை ஓட்டிய நோஸ்டால்ரியஸ் என்ற ரசிகர் சர்வர் 2016-ல் வழக்கு மிரட்டலால் மூடப்பட்டது. 2019-ல் அந்தப் பழைய வடிவத்தை நிறுவனமே 'கிளாசிக்' என்று வெளியிட்டது. பழையதை விரும்பி ஆட இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று காட்டியவர்கள் அந்த ரசிகர்கள்.

உங்கள் வாதங்களுக்கு வருகிறேன், சுருக்கமாக. தனியார் சர்வரில் யாரோ தவறாக நடந்தால் பழி எங்கள்மேல் வரும் என்கிறீர்கள். பொறுப்பு இனி எங்களுடையதல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கறிஞர்கள் நிறைந்த உங்கள் நிறுவனங்களுக்கு அரிய காரியமா? பயனர் தரவு கசியும் என்கிறீர்கள். சர்வர் நிரலைக் கொடுங்கள் என்றால் பயனர் தரவுத்தளத்தைக் கொடுங்கள் என்று அர்த்தமில்லை, அந்த இரண்டையும் பிரிப்பது என் போன்றவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. பாட்டு, கார், விளையாட்டு வீரர்களின் உரிமம் காலாவதியாகும் என்கிறீர்கள். அது புதிதாக விற்பதற்கான தடை. ஏற்கெனவே விற்ற பிரதி திறக்கக் கூடாது என்று எந்தப் பாடகரும் கேட்கவில்லை.

உங்கள் வாதங்களில் எனக்கு உண்மையான எடை தெரிவது ஒன்றில்தான். சர்வருக்குள் வேறு நிறுவனங்களிடமிருந்து உரிமம் பெற்ற மென்பொருள் இருக்கும், அதை வெளியே கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்காது. ஏற்கெனவே வெளியான கேம்களில் இது நிஜமான சிக்கல். பத்தாண்டு பழைய சர்வரைப் பிரித்து எடுப்பது எளிது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இனி எழுதப்போகும் கேமுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. முடிவில் வெளியே தர வேண்டியிருக்கும் என்று முதல் நாளே தெரிந்தால், ஒப்பந்தத்தை அப்படிப் போடுவார்கள், நிரலையும் அப்படிப் பிரித்து எழுதுவார்கள். நிரலாளர்கள் தங்கள் கணினியிலேயே சோதித்துப் பார்க்க சிறு சர்வர் வடிவம் ஒன்றைப் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அதையே கடைசி நாள்வரை ஒழுங்காகப் பராமரித்தாலே பாதி வேலை முடிந்தது. தனியாள் கேம் என்றால் அதுவும் வேண்டாம். சேவ் கோப்பை எங்கள் இயந்திரத்தில் எழுதவிட்டு, லாகின் சரிபார்ப்பை எடுத்துவிட்டால் போதும்.

சொல்லப்போனால் உங்களிலேயே சிலர் செய்து காட்டிவிட்டார்கள். 'நாக்அவுட் சிட்டி' 2023-ல் மூடியபோது, தனியார் சர்வரில் ஆடும் கணினிப் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' 2024 ஜனவரியில் சர்வரை மூடும் முன்பு, சேவ் செய்ய ஆன்லைன் வேண்டும் என்ற விதியை ஓர் அப்டேட்டில் நீக்கியது. 'ரெட்ஃபால்' கேமைச் செய்த ஸ்டுடியோவே 2024-ல் மூடப்பட்டது, அப்போதும் கடைசி அப்டேட்டில் ஆஃப்லைன் வசதியைச் சேர்த்தார்கள். வேலை போகும் என்று தெரிந்த நிலையில் அதை முடித்துக் கொடுத்தவர்களுக்கு என் மரியாதை. 'அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்' 2024 இறுதியில் சேவை முடிந்ததும், சேவ்களைக் கொண்டுபோகும் வசதியோடு முழு ஆஃப்லைன் பதிப்பாகத் தனியே விற்பனைக்கு வந்தது. 2012-ல் மூடப்பட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' கேமை ரசிகர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2024-ல் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களில் ஒரு குழுவுக்கு முறையான உரிமமே கொடுத்தது. இதனால் எந்த நிறுவனமும் நொடித்துப் போகவில்லை.

கலிபோர்னியாவில் 2025 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, டிஜிட்டலாக விற்பது உரிமம் மட்டுமே என்று கடைகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சரி, சொல்கிறார்கள். என் பணம் எந்த நாள்வரை செல்லும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வாங்கும்போது தேதி தெரியாது, மூடும்போது கேட்க உரிமை கிடையாது. இப்படி ஒரு வியாபாரத்தை நியாயம் என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

எனவே நான் கேட்பவை இவை.

இனி தொடங்கும் ஒவ்வொரு கேமுக்கும் முடிவுத் திட்டத்தை வடிவமைப்புக் கட்டத்திலேயே எழுதுங்கள். சேவை நின்றபின் இந்த கேம் எப்படி ஓடும் என்பதை விற்பனைப் பக்கத்திலும் பெட்டியின் மேலும், ஆன்லைன் கட்டாயம் என்ற எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். குறைந்தது எந்தத் தேதிவரை சேவை நடக்கும் என்றும் அங்கேயே உறுதி கொடுங்கள். தனியாக ஆடக்கூடிய பகுதி எதற்கும் சர்வர் அனுமதியைக் கட்டாயமாக்காதீர்கள்.

ஏற்கெனவே விற்ற கேமை மூடும்போது, கடைசி அப்டேட்டாக ஆஃப்லைன் வசதியைக் கொடுங்கள். அது இயலாவிட்டால் சர்வர் நிரலைக் கொடுங்கள். பிறர் உரிமத்தால் அதுவும் இயலாவிட்டால், கேமும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையை ஆவணமாக வெளியிடுங்கள், மீதியை நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஆடியவர்களின் சேவ் கோப்புகளை அவர்களே தரவிறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். மூடுவதற்குப் பல மாதங்கள் முன்பே அறிவியுங்கள், அறிவித்த நாளிலேயே உள்ளே விற்கும் பொருட்களின் விற்பனையை நிறுத்துங்கள். எங்கள் கணக்கிலிருந்து உரிமத்தை எடுக்காதீர்கள்.

நீங்கள் கைவிட்ட கேமை லாப நோக்கம் இல்லாமல் ஓட்டுபவர்கள்மேல் வழக்கறிஞர்களை ஏவமாட்டோம் என்று எழுத்தில் அறிவியுங்கள். கேம், சர்வர் நிரல், முக்கியமான பழைய பதிப்புகள் ஆகியவற்றின் பிரதியை நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ ஒப்படையுங்கள். இத்தனை ஆண்டுகள் பொதுப் பார்வைக்கு வரக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தாலும் சரி. சங்கங்களுக்கு: நூலகங்கள் அடுத்த முறை விலக்கு கேட்டு வரும்போது எதிர்த்து நிற்காதீர்கள்.

மூடப்போவதாக அறிவித்து இன்னும் மூடாத கேம்கள் இப்போதே உங்களிடம் இருக்கின்றன. அவற்றின் சர்வர்கள் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றை எழுதியவர்களில் சிலர் இன்னும் உங்களிடம் வேலையில் இருக்கிறார்கள். முதலில் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த கேம், எந்தத் தேதி, ஒவ்வொன்றையும் என்ன நிலையில் விட்டுப் போகப் போகிறீர்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் பொதுவில் வெளியிட வேண்டும்.